யூத இன அழிப்பில் உயிர் தப்பியவர்களின் கதைகளைக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜி ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் ஐரோப்பாவில் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். தப்பியவர்கள் சொன்னதும், தப்பாதவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போனதும் இன்று பல நாட்டுக் காப்பகங்களில் இருக்கின்றன. அந்தப் பதிவுகளைக் கேட்பதும் படிப்பதும் எனக்குப் பல வருடப் பழக்கம். அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. அவை என் மனசுக்கு மிக நெருக்கமானவை.

"உயிர் தப்பியவர்கள்" என்றால் வதைமுகாமிலிருந்து மீண்டவர்கள் மட்டும்தானா?

இல்லை. ஆஷ்விட்ஸ் போன்ற முகாம்களிலிருந்து மீண்டவர்கள் ஒரு பகுதிதான். கிறிஸ்தவக் குடும்பங்களிலும் கன்னியர் மடங்களிலும் வேறு பெயரில் ஒளித்து வளர்க்கப்பட்ட குழந்தைகள், காடுகளில் கெரில்லாக் குழுக்களோடு திரிந்தவர்கள், சோவியத் நாட்டின் உட்பகுதிக்கு ஓடியவர்கள், ஷாங்காய்க்குக் கப்பலேறியவர்கள் எல்லாரும் சேர்த்திதான்.

1938 டிசம்பரிலிருந்து போர் மூளும் வரை சுமார் 10,000 குழந்தைகளை அவர்களுடைய பெற்றோர் ரயிலேற்றிப் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். அவர்களில் பலர் அப்புறம் பெற்றோரைப் பார்க்கவே இல்லை. இப்படித் தப்பியவர்களில் நிறையப் பேர், வயதான பிறகும்கூட, "நான் என்ன பட்டுவிட்டேன், முகாமில் இருந்தவர்கள் அல்லவா பட்டார்கள்" என்று பேசத் தயங்கினார்கள். தேடிப் போய் அவர்களையும் கேட்டது பெரிய காரியம்.

இந்தக் கதைகளைச் சேகரிப்பது எப்போது தொடங்கியது? போர் முடிந்த பிறகா?

போர் நடந்துகொண்டிருக்கும்போதே. அதுவும் சாகப்போகிறவர்களே தொடங்கினார்கள்.

போலந்தின் வார்சா நகரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை மூன்றரைச் சதுர கிலோமீட்டருக்குள் மதில் எழுப்பி அடைத்தார்கள். அதுதான் வார்சா கெட்டோ. அங்கே இம்மானுவேல் ரிங்கல்புளூம் என்ற வரலாற்றாசிரியர் 1940 நவம்பரில் ஒரு ரகசியக் குழுவைக் கூட்டினார். யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் கூடியதால் "ஓனெக் ஷப்பாத்" என்று பெயர். ஓய்வுநாளின் மகிழ்ச்சி என்று அர்த்தம். ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், பொருளாதாரம் படித்தவர்கள், ரப்பிகள் எனப்படும் யூத மதகுருமார்கள் என்று சில டஜன் பேர் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வெளியூர்களிலிருந்து துரத்தப்பட்டு வந்த அகதிகளை உட்காரவைத்து, ஊரில் என்ன நடந்தது என்று எழுதி வாங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகள், ரேஷன் அட்டைகள், டிராம் டிக்கெட்டுகள், மிட்டாய்க் காகிதங்கள், நாடகச் சுவரொட்டிகள் வரை சேர்த்தார்கள். தங்கள் வாழ்க்கையை எதிரியின் கோப்புகளை வைத்து யாரும் எழுதிவிடக் கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள்.

1942 கோடையில் அந்த மக்களை ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலில் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் இஸ்ரேல் லிக்டென்ஷ்டைன் என்ற ஆசிரியரும் அவருடைய இளம் மாணவர்கள் இருவரும் காகிதங்களைப் பத்து உலோகப் பெட்டிகளில் அடைத்து, நோவோலிப்கி தெரு 68ஆம் எண் பள்ளிக் கட்டடத்தின் அடியில் புதைத்தார்கள். பெட்டிக்குள் தங்கள் கடைசி வார்த்தைகளையும் வைத்தார்கள். அவர்களில் ஒருவன் டேவிட் கிராபர், வயது 19. உலகத்திடம் கத்திச் சொல்ல முடியாமல் போனதை மண்ணுக்குள் புதைத்தோம் என்று எழுதினான்.

லிக்டென்ஷ்டைன் எழுதியதை நான் எத்தனையோ முறை படித்துவிட்டேன். தனக்கு நன்றியோ சிலையோ வேண்டாம் என்கிறார். ஓவியரான தன் மனைவி கேலாவை நினைவில் வைத்திருக்கச் சொல்கிறார். அப்புறம் மகளைப் பற்றி: மார்கலித், இன்றோடு 20 மாதம், ஒன்பது மாதத்திலேயே இத்திஷ் மொழி பேச ஆரம்பித்துவிட்டாள், அறிவில் மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குச் சமம், அவளையும் நினைவில் வையுங்கள் என்கிறார். குழந்தை சீக்கிரம் பேசிவிட்டது என்ற ஒரு அப்பாவின் பெருமை, தெருவில் ஆள்பிடிப்பு நடக்கும்போது எழுதப்பட்டது. அந்தக் குடும்பத்தில் யாரும் பிழைக்கவில்லை.

1943 பிப்ரவரியில் இன்னொரு பகுதியை இரண்டு பால் கேன்களில் புதைத்தார்கள். ரிங்கல்புளூமும் 1944 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்படியானால் அது எப்படி மீண்டும் கிடைத்தது?

குழுவில் போர் முடியும்போது உயிரோடு இருந்தவர்கள் மூன்றே பேர்: ஹெர்ஷ் வாசர், அவர் மனைவி புளூமா, எழுத்தாளர் ரேச்சல் ஆவர்பாக். புதைத்த இடம் வாசருக்குத் தெரியும். ஆனால் தெருவே இல்லை. கெட்டோ முழுக்க இடிபாட்டு மேடாகக் கிடந்தது. தோண்டியே ஆக வேண்டும் என்று விடாமல் கேட்டவர் ஆவர்பாக். 1946 செப்டம்பர் 18ஆம் தேதி பத்துப் பெட்டிகளும் வெளியே வந்தன. உள்ளே தண்ணீர் புகுந்து காகிதங்கள் ஊறிப்போயிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்தினார்கள். பால் கேன்கள் 1950 டிசம்பரில், கட்டட வேலை நடந்தபோது கிடைத்தன. மூன்றாவதாகப் புதைத்ததாகச் சொல்லப்படும் பகுதி இதுவரை அகப்படவில்லை. கிடைத்தது மொத்தம் சுமார் 35,000 பக்கங்கள். வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்தில் இருக்கின்றன. யுனெஸ்கோ 1999இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

ஆவர்பாக் பெயரை மறந்துவிடாதீர்கள். கெட்டோவில் கஞ்சித்தொட்டி நடத்திக்கொண்டே குறிப்பெழுதியவர் அவர். கீழேயும் வருவார்.

போர் முடிந்த உடனே யாரும் வாய் திறக்கவில்லை, பல வருடம் மௌனம்தான் என்கிறார்களே?

பரவலாக நம்பப்படுகிறது, ஆனால் சரியில்லை. அவர்கள் பேசினார்கள், எழுதினார்கள். போலந்தின் லூப்ளின் நகரம் விடுவிக்கப்பட்ட சூட்டோடு சூடாக, 1944 ஆகஸ்டிலேயே, உயிர் தப்பியவர்கள் ஒரு வரலாற்றுக் குழு அமைத்தார்கள். சில வருடங்களில் சுமார் 7,000 சாட்சியங்கள் சேர்ந்தன. குழந்தைகளிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று தனி வழிகாட்டிகூட வைத்திருந்தார்கள். ஹங்கேரியில் 1945, 1946 ஆண்டுகளில், திரும்பி வந்தவர்கள் சுமார் 5,000 பேரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். மாற்றுத் துணிக்கும் உணவுக்கும் வரிசையில் நின்றவர்கள், அதே கட்டடத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்கள்.

அப்புறம் டேவிட் போடர். எனக்கு இந்த மனிதர்மேல் தனி மரியாதை உண்டு. லாட்வியாவில் பிறந்த யூதர், சிகாகோவில் உளவியல் பேராசிரியர். 1946 கோடையில், அறுபதை நெருங்கிய வயதில், ஒரு கம்பி ஒலிப்பதிவுக் கருவியையும் 200 கம்பிச் சுருள்களையும் தூக்கிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போனார். டேப் வருவதற்கு முந்தைய காலம். தலைமுடி மாதிரி மெல்லிய எஃகுக் கம்பியில் குரல் பதியும். கம்பி அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்ட வேண்டும், சிக்கினால் அவ்வளவுதான். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி என்று நாடு நாடாக, அகதி முகாம்களில் சுமார் 130 பேரிடம் ஒன்பது மொழிகளில் பேசினார்.

பேசுகிறவரின் முதுகுப் பக்கம்தான் அவர் உட்கார்ந்துகொள்வார். தன் முகபாவத்தைப் பார்த்துப் பேச்சு மாறிவிடக் கூடாதே என்று. அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்டால் ஒன்று உறைக்கும்: போடருக்கு எதுவும் தெரியாது. அது என்ன ரயில், எத்தனை பேர், கழிப்பறைக்கு எங்கே போனீர்கள், விஷவாயு அறை என்றால் எப்படி இருக்கும் என்று முதல் தடவை கேட்கிறவராகக் கேட்கிறார். அன்றைக்கு "ஹோலோகாஸ்ட்" என்ற சொல்லே யூத இன அழிப்பு என்ற அர்த்தத்தில் புழக்கத்தில் இல்லை. சொல்கிறவர்களுக்கும் தங்கள் கதை எந்த வடிவத்தில் போக வேண்டும் என்று தெரியாது. முன்னே பின்னே தாவுகிறார்கள், நடுவில் நிறுத்திவிடுகிறார்கள், சிலர் பாடுகிறார்கள்.

இவ்வளவு பேர் பேசியிருந்தால், அந்த மௌனம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

கேட்க ஆளில்லாததிலிருந்து. போடரின் பதிவுகளை வெளியிட அன்று பெரிய ஆர்வம் யாரிடமும் இல்லை. பெரும்பகுதியைத் தானே மொழிபெயர்த்துத் தட்டச்சுப் பிரதிகளாக நூலகங்களுக்கு அனுப்பினார். புதிய நாடுகளுக்குக் குடியேறியவர்களிடம் "பழசை மறந்துவிடு, புது வாழ்க்கையைப் பார்" என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். அந்த நல்லெண்ணம் பல வீடுகளில் இருபது, முப்பது வருடம் கதவைச் சாத்திவிட்டது.

திருப்பம் 1961இல் வந்தது. யூதர்களை முகாம்களுக்கு ஏற்றி அனுப்பும் ஏற்பாடுகளைச் செய்த அடால்ஃப் ஐக்மன்மீது ஜெருசலேமில் வழக்கு நடந்தது. அரசுத் தரப்பு ஆவணங்களோடு நின்றுவிடாமல் நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கூண்டில் ஏற்றியது. வானொலியில் அதை நாடே கேட்டது. யாரையெல்லாம் சாட்சியாக அழைக்கலாம் என்று சொன்னவர்களில் முக்கியமானவர் ரேச்சல் ஆவர்பாக். அவர் 1954 முதல் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகத்தில் சாட்சியங்கள் சேகரிக்கும் பிரிவை நடத்தி வந்தார். தானும் கூண்டில் ஏறிச் சொன்னார்.

வீடியோவில் பதிவு செய்வது எப்போது வந்தது? எவ்வளவு பேரைப் பதிவு செய்திருக்கிறார்கள்?

1979இல், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில். டோரி லாவுப் என்ற மனநல மருத்துவரும் லாரல் விலாக் என்ற தொலைக்காட்சியாளரும் சேர்ந்து தொடங்கினார்கள். லாவுப் சிறுவயதில் முகாமுக்கு அனுப்பப்பட்டுத் தப்பியவர். அந்தப் பதிவுகள் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய், இன்று ஃபோர்ட்டுனாஃப் காப்பகம் என்ற பெயரில் 4,400க்கும் மேற்பட்ட சாட்சியங்களோடு இருக்கின்றன. அங்கே கேள்விப்பட்டியல் கிடையாது. சொல்கிறவர் போகிற வழியில் கேட்கிறவர் போவார்.

1994இல் திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தொடங்கிய ஷோவா ஃபவுண்டேஷன் வேகத்தில் வேறு ரகம். ஐந்தாறு வருடத்தில் 56 நாடுகளில், 32 மொழிகளில் கிட்டத்தட்ட 52,000 பேரைப் பதிவு செய்தார்கள். முதியவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள், காத்திருக்க நேரமில்லை. இந்தத் தொகுப்பு 2006 முதல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எது சிறந்தது என்று கேட்டால், ஆழமாகக் கேட்க யேல், ஊர் ஊராகத் தேட ஷோவா ஃபவுண்டேஷன் என்பேன்.

ஒரு பதிவு எப்படி நடக்கும்?

ஷோவா ஃபவுண்டேஷன் முறையைச் சொல்கிறேன். முதலில் பயிற்சி பெற்ற ஒருவர் முன்கூட்டியே சந்தித்து நீண்ட படிவம் ஒன்றை நிரப்புவார்: ஊர், பெற்றோர், கூடப் பிறந்தவர்கள், எந்த முகாம், எந்த மாதம். அந்தத் தகவலை வைத்து அவர் அந்த ஊரின் வரலாற்றைப் படித்துவிட்டு வருவார். பதிவு பெரும்பாலும் அவரவர் வீட்டிலேயே. முகம் நேராக, வெளிச்சம் மென்மையாக. தொடக்கத்தில் பெயரைச் சொல்லி எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். பிறந்த தேதி, ஊர், அன்றைய பெயர், இன்றைய பெயர். ஒரு டேப் அரை மணி நேரம். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும்.

போருக்கு முந்தைய வாழ்க்கைக்கும் போருக்குப் பிந்தைய வாழ்க்கைக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்குவார்கள். இதை நான் ரொம்பப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். இல்லாவிட்டால் அந்த மனிதர் அந்த மூன்று நான்கு வருடத் துன்பமாக மட்டுமே மிஞ்சிவிடுவார்.

கடைசியில் புகைப்படங்கள். ஒவ்வொரு படமாக நிறுத்திக் கேமராவை அதன்மேல் வைப்பார்கள். குரல் மட்டும் வெளியிலிருந்து வரும். இது அம்மா. இது அம்மாவின் தங்கை. வலது ஓரத்தில் இருப்பது நான். பல பேரிடம் போருக்கு முந்தைய படம் ஒன்றுகூடக் கிடையாது. அமெரிக்காவுக்கு முன்பே போய்விட்ட மாமா வீட்டு ஆல்பத்திலிருந்து ஒன்றோ இரண்டோ வந்திருக்கும். இரண்டு மணி நேரம் கலங்காமல் பேசிய ஒருவர் அந்த இடத்தில் குரல் உடைந்து போவதை நான் பல பதிவுகளில் கேட்டிருக்கிறேன்.

கேட்கிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

குறுக்கே பேசக் கூடாது. மௌனம் வந்தால் அதை நிரப்பக் கூடாது. "எனக்குப் புரிகிறது" என்று சொல்லக் கூடாது, புரியாது. "ஏன் எதிர்த்துப் போராடவில்லை?" என்று கேட்கவே கூடாது. அதற்குப் பதிலாகச் சின்னச் சின்னதாகக் கேட்கலாம்: அன்றைக்குக் காலில் என்ன போட்டிருந்தீர்கள்? பக்கத்தில் யார் நின்றார்? ரொட்டியை உடனே சாப்பிட்டீர்களா, வைத்துக்கொண்டீர்களா? ரொட்டிக் கேள்விக்குப் பலர் பத்து நிமிடம் பதில் சொல்வார்கள். எந்தத் துண்டை எப்போது தின்பது என்பது முகாமில் உயிர்ப் பிரச்சினை.

பதிவு முடிந்த இரவு அவர்கள் தூங்க மாட்டார்கள். மறுநாள் ஒரு போன் செய்து விசாரிப்பதும் வேலையில் சேர்த்திதான். அப்புறம் பெயர் விஷயம். யேல் காப்பகம் தன் பொதுப் பட்டியலில் முதல் பெயரையும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும் மட்டுமே போடுகிறது. கதை சொன்னவருக்கு அதன்மேல் உரிமை உண்டு என்பதை அது மறக்கவில்லை.

வயதான காலத்தில் சொல்லும்போது நினைவு தவறாதா? எப்படி நம்புவது?

தவறும். அதை மறைக்க வேண்டியதில்லை.

லாவுப் எழுதிய ஒரு நிகழ்ச்சி இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். 1944 அக்டோபர் 7ஆம் தேதி ஆஷ்விட்ஸில், பிணங்களை எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள் கிளர்ச்சி செய்தார்கள். அதைப் பார்த்த ஒரு பெண்மணி, நான்கு புகைபோக்கிகள் வெடித்துச் சிதறின என்று சாட்சியம் சொன்னார். வரலாற்றாசிரியர்கள் மறுத்தார்கள்: நாசமானது ஒன்றுதான், எனவே இந்தச் சாட்சியத்தை எடுத்துக்கொள்ள முடியாது. லாவுப் ஒப்புக்கொள்ளவில்லை. ஆஷ்விட்ஸில் யாராவது எதிர்த்து எழ முடியும் என்பதே நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். அது நடந்ததைத் தன் கண்ணால் கண்டதாக அவர் சொல்கிறார், அது உண்மைதான் என்றார். என் அபிப்பிராயத்தில் இருவர் சொல்வதும் வேண்டும். எண்ணிக்கைக்கு ஆவணத்தைப் பாருங்கள். அங்கே நின்றவருக்கு அது எப்படி இருந்தது என்பதற்கு அவரைக் கேளுங்கள்.

நீதிமன்றத்தில் இது இன்னும் கடுமையாகிவிடும். ட்ரெப்ளிங்காவில் "பயங்கர இவான்" என்று அழைக்கப்பட்ட காவலாளி ஜான் டெம்யான்யுக்தான் என்று உயிர் தப்பியவர்கள் சிலர் உறுதியாக அடையாளம் காட்ட, 1988இல் இஸ்ரேல் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. அந்த இவான் வேறு ஆள் என்று காட்டும் சோவியத் ஆவணங்கள் பிறகு வெளிவந்தன; 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. சாட்சிகள் பொய் சொல்லவில்லை. நாற்பது வருடத்துக்கு அப்புறம் ஒரு முகத்தைக் காட்டிக் கேட்டால் நினைவு அப்படித்தான் வேலை செய்யும். அதே மனிதர் சோபிபோர் முகாமில் காவலாளியாக இருந்ததற்காக 2011இல் மியூனிக் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மேல்முறையீடு முடியும் முன் இறந்துபோனார்.

கட்டுக்கதைகளும் உண்டு. 1995இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்து பரிசுகள் வாங்கிய ஒரு சிறுவயது நினைவுக்குறிப்பு, சில வருடங்களில் முழுப் புனைவு என்று அம்பலமானது. சுவிட்சர்லாந்தில் பிறந்த, யூதரே அல்லாத ஒருவர் எழுதியது. அதனால்தான் தேதி, ஊர், ரயில் பட்டியல் என்று ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவமரியாதை ஆகாது.

நடக்கவே இல்லை என்று மறுப்பவர்களுக்கு இந்தச் சாட்சியங்கள் பதிலா?

2000இல் லண்டனில் நடந்த வழக்கைப் பாருங்கள். டேவிட் இர்விங் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர், தன்னை மறுப்பாளர் என்று எழுதிய வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட்மீது அவதூறு வழக்குப் போட்டு, தானே வாதாடினார். லிப்ஸ்டாட் தரப்பு உயிர் தப்பிய ஒருவரைக்கூடக் கூண்டில் ஏற்றவில்லை. இர்விங் அவர்களைக் குறுக்கு விசாரணையில் அவமானப்படுத்த விடக் கூடாது என்று வேண்டுமென்றே எடுத்த முடிவு அது. ஆவணங்களை வைத்தே வென்றார்கள். சாட்சியத்தின் வேலை மறுப்பவர்களோடு மல்லுக்கட்டுவது என்று நான் நினைக்கவில்லை.

எந்த மொழியில் பேசினார்கள் என்பது முக்கியமா?

மிக முக்கியம். கொல்லப்பட்டவர்களில் பெரும்பகுதியினரின் தாய்மொழி இத்திஷ். கிரேக்கத்தின் சலோனிக்கா நகரத்து யூதர்கள் பேசியது லதினோ, பழைய ஸ்பானிய மொழி. அந்த நகரத்திலிருந்து 1943 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை சுமார் 46,000 பேரை ஆஷ்விட்ஸுக்கு ஏற்றினார்கள். மொழியின் ஒரு பெரிய வீடே காலியானது. லதினோவில் ஒருவர் சாட்சியம் சொன்னால் கதையோடு அந்த மொழியின் தாலாட்டும் பழமொழியும் சேர்ந்து பதிவாகின்றன.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். ஹங்கேரிய மொழியிலோ ஆங்கிலத்திலோ சரளமாகப் பேசிக்கொண்டே போவார்கள். முகாம் வந்ததும் சில சொற்கள் ஜெர்மனாகவே வரும். தலை எண்ணும் அணிவகுப்புக்கு "அப்பெல்", முகாமுக்கு "லாகர்". ஐம்பது வருடம் கழித்தும் அந்தச் சொற்களுக்கு அவர்கள் வேறு மொழியில் இடம் கொடுக்கவில்லை. மொழிபெயர்க்கிறவர்கள் அவற்றை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி.

பழைய காகிதமும் டேப்பும் அழிந்துபோனால்?

அழிகின்றன, போராடித்தான் காக்கிறார்கள். சலோனிக்காக்காரரான மார்செல் நட்ஜாரி, ஆஷ்விட்ஸில் பிணம் எரிக்கும் வேலையில் இருந்தபோது, 1944 இறுதியில் தான் கண்டதைக் கிரேக்க மொழியில் எழுதி, ஒரு தெர்மாஸ் பாட்டிலில் வைத்துத் தோல் பைக்குள் சுற்றிப் புதைத்தார். அவர் பிழைத்து நியூயார்க் போனார், 1971இல் இறந்தார். பாட்டில் 1980இல்தான் ஒரு வனவியல் மாணவர் தோண்டும்போது கிடைத்தது. ஈரத்தில் மை கரைந்து சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் படிக்க முடிந்தது. 2013க்குப் பிறகு வெவ்வேறு அலைநீள ஒளிகளில் படமெடுத்துக் கணினியில் சேர்த்தபோது மீதியில் பெரும்பகுதி எழுந்து வந்தது.

போடரின் சுருள் ஒன்றும் இப்படித்தான். பிரான்ஸில் ஹெனோன்வில் என்ற இடத்தில் அகதிகள் பாடிய பாடல்கள் பதிந்தது; பல பத்தாண்டுகள் காணவில்லை. அமெரிக்காவின் ஆக்ரன் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருந்த அவருடைய பொருட்களுக்குள்ளேயே, ஊர்ப் பெயர் தப்பாக எழுதிய பெட்டியில் கிடந்தது. கிடைத்த பிறகும் அதை ஓட்ட இயந்திரம் வேண்டுமே; அதையும் சீர்செய்துதான் பாட்டைக் கேட்டார்கள். பெயர்ச்சீட்டில் ஒரு எழுத்துப் பிழை எழுபது வருடம் ஒரு பாட்டை மூடிவிட்டது. பட்டியல் போடுவதை எடுபிடி வேலை என்று நினைப்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

ஷோவா ஃபவுண்டேஷனும் தன் 2,30,000க்கும் மேற்பட்ட டேப்களை டிஜிட்டலுக்கு மாற்ற வேண்டியிருந்தது. கூடவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஊர், ஆள், நிகழ்வு என்று குறிச்சொல் போட்டிருக்கிறார்கள். ஒரு கிராமத்தின் பெயரைத் தட்டினால் அதைப் பற்றிப் பேசும் நிமிடத்துக்கே போகலாம்.

கதை சொல்ல யாருமே மிஞ்சாதவர்களுக்கு?

அவர்களுக்காகத்தான் யாத் வஷேம் 1950களில் "சாட்சியப் பக்கம்" என்று ஒற்றைத் தாள் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒருவருக்கு ஒரு தாள்: பெயர், பெற்றோர் பெயர், ஊர், தொழில், எப்படி இறந்தார், இருந்தால் புகைப்படம், நிரப்புகிறவரின் உறவும் கையெழுத்தும். உறவினரோ பக்கத்து வீட்டுக்காரரோ நிரப்பலாம். பல தாள்களில் குழந்தையின் பெயருக்குப் பதில் "இன்னாரின் மகள்" என்று மட்டும் இருக்கும். எழுதியவருக்கு அவ்வளவுதான் நினைவிருந்தது. எல்லா மூலங்களையும் சேர்த்து இப்போது சுமார் 50 லட்சம் பெயர்கள் திரட்டப்பட்டிருக்கின்றன. ஜெர்மனியின் ஆரோல்சன் காப்பகத்திலும் 1.75 கோடி பேரைப் பற்றிய, சுமார் 3 கோடி ஆவணங்கள் உள்ளன. நாஜிகளால் துன்புற்ற பிற மக்களும் இதில் அடக்கம். அது பொதுமக்களுக்குத் திறந்ததே 2007இல்தான்.

சாட்சிகள் எல்லாரும் மறைந்த பிறகு என்ன செய்வது?

2024 தொடக்கத்தில், க்ளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் என்ற இழப்பீட்டு அமைப்பின் கணக்குப்படி, இன அழிப்பில் தப்பிய யூதர்கள் சுமார் 2,45,000 பேர் உயிருடன் இருந்தார்கள். பாதிப் பேர் 86 வயதைத் தாண்டியவர்கள். இன்று இன்னும் குறைந்திருப்பார்கள்.

ஷோவா ஃபவுண்டேஷன் ஒரு புது முயற்சி செய்தது. பிஞ்சாஸ் குட்டர் என்பவரை நூற்றுக்கும் மேற்பட்ட கேமராக்களின் நடுவில் உட்காரவைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்குப் பதில் பதிந்தார்கள். பார்வையாளர் கேட்கும் கேள்விக்குப் பொருந்தும் பதிலைக் கணினி தேடி எடுத்துக் காட்டும். பதில் முழுக்க அவர் வாயால் சொன்னது, இட்டுக்கட்டியது ஒரு சொல்லும் இல்லை. அதுவரை எனக்குச் சம்மதம். ஆனால் செயற்கை நுண்ணறிவில் செய்த பொய்யான ஆஷ்விட்ஸ் படங்களும் இல்லாத கைதிகளின் உருக்கமான கதைகளும் சமூக வலைத்தளங்களில் பரவுகின்றன. ஆஷ்விட்ஸ் நினைவகமே கண்டித்திருக்கிறது. மார்கலித் என்ற உண்மையான குழந்தை இருக்கும்போது கற்பனைக் குழந்தைக்காக அழவைப்பது அவளுக்குச் செய்யும் துரோகம். அப்படி ஒரு படம் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள்.

இந்தியாவுக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா?

சின்னத் தொடர்பு உண்டு. நாஜிகளிடமிருந்து தப்பிய யூதர்கள் சிலர் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வந்தார்கள். 1934இல் பம்பாயில் அவர்களுக்கென உதவிச் சங்கம் ஒன்றும் ஏற்பட்டது. போர் வந்ததும் ஜெர்மன், ஆஸ்திரிய யூதர்களையும் "எதிரி நாட்டார்" என்று பிடித்து அடைத்து, விசாரித்துப் பிறகு பலரை விட்டார்கள். அகில இந்திய வானொலியின் தொடக்க இசை நினைவிருக்கிறதா? காலையில் நம் பாட்டிமார் அடுப்பு மூட்டும்போது ஒலித்த அதை அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்பார்கள். 1934இல் பம்பாய் வந்து சேர்ந்த செக்கோஸ்லோவாக்கிய யூதர் அவர்.

ஒரு சாட்சியம் கேட்டுப் பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

போடரின் ஒலிப்பதிவுகளை இல்லினாய்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, ஆங்கில எழுத்து வடிவத்தோடு. ஷோவா ஃபவுண்டேஷனின் பதிவுகளிலும் சில ஆயிரத்தை இணையத்தில் கணக்குத் தொடங்கிப் பார்க்கலாம். பத்துப் பேரைத் துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள். ஒருவரை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை, தேவைப்பட்டால் நான்கு நாள் பிரித்து, கேளுங்கள். முகாம் எப்போது வரும் என்று முதல் அரை மணி நேரத்தைத் தள்ளி ஓட்டிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் என்ன ரொட்டி சுட்டார்கள், எந்த அண்ணன் பாடுவான், தெருமுனைக் கடைக்காரர் எப்படித் திட்டுவார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அம்மாவின் பெயரும் அங்கேதான் வரும்.